நனைந்த முதுகுகளைத் தேடி வந்தவர்

நான் முன்பே சொல்லியிருந்தேன். என் அக்கா மகள் முனைவர் செண்பகவல்லி அவர்கள் நிகோடினைப் பற்றி ஆராய்ந்து கண்டுபிடித்ததை எல்லாம், அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே இந்த மாமன் சொல்லியிருந்தேன். இப்படி ஓய்வில்லாமல் அலைந்தால் உடம்பு தாங்காது என்றும் சொல்லியிருந்தேன். இரண்டும் பலித்துவிட்டது. பலித்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

சேதி வந்தபோது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் புதூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். மதுரையில் அவர்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் பேசினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தால், கையிலிருந்த பீடி விரலைச் சுட்டிருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை.

காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளைதான். இருந்தாலும் ‘அவர்கள்’ என்றுதான் எழுதுவேன். நான் ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு நின்றவன். இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது என்று மதுரையில் பெரிய பெரிய பேராசிரியர்கள் கேட்டபோது, மருமகள் தாய்மாமன் வழி என்றார்களாம். சின்ன வயதிலேயே என் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை உருவி மோந்து பார்த்து, “மாமா, இதுக்குள்ள என்ன இருக்கு? எந்திரிச்ச உடனே இதைத்தான் தேடுதிய, என்னத் தேட மாட்டேங்கிய” என்று கேட்டவர்கள். அந்தக் கேள்விதான் அவர்களைப் படிக்க வைத்தது என்பது என் கட்சி.

எங்கள் கரிசலில் மிளகாய்க்குப் பூச்சி விழுந்தால், கடையில் கழிவுப் புகையிலையை வாங்கி வந்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, சோப்புக் கரைத்து அடிப்போம். இலைதானே, ஒன்றும் செய்யாது என்று சட்டை போடாமல்தான் அடிப்போம். தோளில் மாட்டிய மருந்து டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனையும். சிலபேர் வாந்தியெடுத்து வரப்பில் விழுவார்கள். வெயில் அடித்துவிட்டது என்று மோர் கொடுப்போம். நான் மட்டும் விழுந்ததே இல்லை. மிஞ்சிய தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பீடி குடிக்கிறவன் விழமாட்டான் என்று இந்த வட்டாரத்திலேயே முதலில் கண்டவன் நான்தான். “ரெண்டு பீடி இழுத்துட்டு இறங்குங்கலே” என்பேன். எங்களோடு மருந்தடிக்க வரும் மாரிமுத்து வெற்றிலைகூடப் போடாதவன். முதல் நாளே சுருண்டு விழுந்தான். நான்தான் அவனுக்குப் பீடி பழக்கினேன். நாலாவது தடவை தெளித்தபோது தூண் மாதிரி நின்றான். ஊரில் எனக்கு வைத்தியர் என்றே பேராகிவிட்டது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் மருமகள் பாட்டில் பாட்டிலாக எடுத்துக்கொண்டு வந்தார்கள், தெளிக்கிறவர்களின் சிறுநீரைச் சோதிப்பதற்கு. “தாயி, ஊருல தண்ணிப் பஞ்சம். இதையும் அள்ளிட்டுப் போறியளா?” என்று மாரிமுத்துவே கேலி பண்ணினான். நான் முதல் ஆளாக ரெண்டு பாட்டில் நிறைத்துக் கொடுத்தேன். பிறகு எல்லோரும் கொடுத்தார்கள்.

சோதித்துவிட்டு வந்து எனக்கு விளங்க வைத்தார்கள்.

“நிகோடின் தோல் வழியாவே உள்ள போவுது மாமா. வேர்த்து நனைஞ்ச தோல்னா இன்னும் வெரசாப் போவுது. ஈரல் அதைக் கோட்டினின்னு வேற ஒண்ணா மாத்துது. அது சிறுநீர்ல சில நாள் தங்கிக் காட்டிக் குடுத்துருது.”

“அப்பம் எனக்கு ஏன் ஒண்ணும் பண்ணல? இரும்பு உடம்புல்லா?”

“இரும்பு இல்ல மாமா, மரத்துப்போன உடம்பு. நிகோடின் வந்து தட்டுததுக்குன்னே நரம்புல கதவு இருக்கு. நீங்க பீடியக் குடிச்சுத் தட்டித் தட்டி அது செவிடாப் போச்சு. மயக்கமும் வாந்தியும் உடம்பு போடுத கூச்சல். கூச்சல் நின்னாலும் விஷம் உள்ள போயிட்டுத்தான் இருக்கு. நீங்க மாரிமுத்து அண்ணனுக்கு வைத்தியம் பாக்கல. வாயப் பொத்தி விட்டுருக்கிய.”

அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சட்டை போடுங்க, உடனே குளிங்க, பீடி மருந்து இல்லன்னு நான் சொன்னா ஊருல கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னத நீங்களே மாத்திச் சொல்லணும். உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல மாமா” என்றார்கள்.

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். நான் எழுந்தேன். “பீடி மருந்து இல்ல. நான் சொன்னது தப்பு” என்றேன். மாரிமுத்து மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் கிணற்றில் வீசினான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது போதும் மாமா” என்றார்கள். அவர்களை நான் உயிரோடு பார்த்தது அதுவே கடைசி.

மதுரையிலிருந்து கொண்டு வந்து நம் ஊரில்தான் எரித்தோம். சிதை பற்றி எரியும்போது மாரிமுத்து இருமிக்கொண்டே பக்கத்தில் வந்தான். அழுதிருந்தான். “அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?” என்றான். கொடுத்தேன். அங்கேயே திரும்பி நின்று பற்றவைத்தான்.

கிணற்றில் வீசியவனுக்கு எதற்குத் தீப்பெட்டி என்று கேட்பீர்கள். அவன் வீசவில்லை. நான் எழுந்து பேசவும் இல்லை. மற்ற இடங்களில் உப்பு, புளி கூடியிருக்கலாம். அந்த ஒரு இடம் முழுப்பொய். “அண்ணாச்சி, மருமவ சொல்லுதது நெசமா?” என்று அந்தக் கூட்டத்தில் மாரிமுத்துதான் கேட்டான். “படிச்ச பிள்ளை, எதுக்கெடுத்தாலும் பயப்படும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கினார்கள். “வாரேன் மாமா” என்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் வீட்டில் இதை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மாரிமுத்துவும் வருவான். ஏலே மாரிமுத்து, பீடி மருந்து இல்லலே. சட்டையப் போட்டுட்டு இறங்கு.

சொல்லிட்டேன் தாயி. கேக்கதுக்குத்தான் நீ இல்ல.