துடக்குக்காரனும் ஃபிடில்காரர்களும்

இந்த வெள்ளைக்கார மலைநாட்டுக்காரர் ஒரு பாட்டை முடிக்கும் விதம் எனக்கு இன்னும் பழகவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மடக்குக் கதிரைகளில் வட்டமாக இருந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. போதும் என்று பட்டதும் ஃபிடில் வாசிப்பவர் ஒரு காலை முன்னுக்குத் தூக்குவார். அதைக் கண்டு மற்றவர்கள் கடைசி முறை வாசித்துவிட்டு ஒன்றாக நிறுத்துவார்கள். என்னை இங்கே கூட்டிவந்த டேல், ஃபிடில் வாசித்தபடி தன் சப்பாத்துக் காலை என் முகத்துக்கு நேரே தூக்கியபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் ஊரான பனிச்சங்கேணியில் ஒருவனுக்கு நேரே இப்படிக் காலை நீட்டினால் அடுத்தது கைகலப்புத்தான். எழும்பிப்போய்த் தள்ளி நின்றேன். டேல் பின்னால் வந்து, “பாட்டுப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டார். பாட்டில் குறையில்லை, காலில்தான் என்று சொல்ல என் ஆங்கிலம் காணாது. சிரித்து வைத்தேன்.

டேலும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். அவர் குழாய், கதவு திருத்துபவர், நான் குசினியில் சமைப்பவன். கோடைக்கு ஒருமுறை இந்தப் பழைய பண்ணையில் கூடாரம் அடித்து நாலு நாள் பாஞ்சோவும் ஃபிடிலுமாகக் கிடப்பது அவருக்குத் திருவிழா. இந்த முறை என்னையும் இழுத்துவந்துவிட்டார். எனக்கு வர மனமில்லை. அப்பாவை வாழைச்சேனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் அதன் அர்த்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். “தனியே அறைக்குள் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கும் வருத்தம் வரும்” என்றார் டேல். நல்ல மனிதர். நல்லவர்களிடம் முடியாது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியாது.

மலை ஏற ஏறக் கைத்தொலைபேசியில் சிக்னல் செத்துப்போனது. பண்ணையில் வாகனங்களை ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கி அடைக்கிறார்கள். முதலில் வந்தவர் ஆக உள்ளே. எங்களுடையது வேலியோரம், அதற்குப் பின்னால் வரிசையாக மற்றவை. “ஞாயிறு வரைக்கும் ஒருவரும் அசைய முடியாது, அதுதான் இதில் உள்ள சுகம்” என்றார் டேல். நான் வேலியில் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன்.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ப் பாதையை எத்தனையோ தரம் அடைத்திருக்கிறார்கள். அப்பா இறால் பிடிக்கிறவர். பாதை அடைபட்டால் எங்களைத் தோணியில் ஏற்றி, ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பைக் கடந்து மறுகரையில் இறக்கிவிடுவார். “றோட்டைத்தானே மூடினவங்கள்” என்று சொல்லிக்கொண்டு கம்பை ஊன்றித் தோணியைத் தாங்குவார். தண்ணீர் இருக்கும் மட்டும் அந்த மனிதரை யாராலும் அடைத்துவைக்க முடியாது என்றே நினைத்து வளர்ந்தேன். என் அகதி வழக்கோ இன்னும் முடிந்தபாடில்லை. இந்த நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் திரும்ப வரவிடமாட்டார்கள். இதைக் கடக்க அப்பாவிடமும் தோணி இருக்கவில்லை.

பண்ணைச் சொந்தக்காரி மார்த்தாவின் குசினிச் சுவரில் வயரோடு ஒரு பழைய தொலைபேசி இருந்தது. விரும்பிய நேரம் பேசு என்றார். இருட்டுகிற நேரம் தங்கச்சிக்கு எடுத்தேன். அங்கே விடிகிற நேரம்.

“அண்ணா, அப்பா போயிற்றார்” என்றாள். “இப்பதான். அம்மாட மடியில.”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“கனநேரம் வைச்சிருக்க ஏலாதாம். பின்னேரமே எடுக்கப் போறம். பெட்டி மூடுறதுக்கு முன்ன நீ எடு. அப்பாட காதுகிட்டப் போனை வைக்கிறன். ஒருக்கா அப்பா எண்டு கூப்பிடு. நீ கூப்பிடாம எப்பிடி அனுப்புற?”

எங்கள் பக்கம் இப்போது இதுவும் ஒரு சடங்காகிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் கத்தாரிலோ கனடாவிலோ இருக்கிறோம். வாய்க்கரிசி போட வரமுடியாத பிள்ளை, பெட்டி மூடுமுன் ஒருமுறை கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடாவிட்டால் சாகும்வரைக்கும் ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஊரை விடுங்கள், எனக்கே தாங்காது.

செத்தவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு வந்தால் முழுக வேண்டும். பண்ணைக்குக் கீழே ஓடும் ஓடையில் உடுப்போடு இறங்கித் தலையை அமிழ்த்தினேன். எலும்பில் இறங்கியது குளிர். கரையில் துவாயோடு நின்ற ஒரு பெண், “தண்ணீர் அருமையா?” என்று கேட்டாள். ஓம், அருமைதான் என்றேன்.

ஈரத்தோடு போய் டேலிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்தார். “போக வேண்டுமென்றால் சொல், எல்லோரையும் எழுப்பி வாகனங்களை எடுக்கச் சொல்கிறேன். எங்கே போக வேண்டும்?” என்றார். யோசித்துப் பார்த்தேன். போக ஓர் இடமும் இல்லை. எங்கள் வழக்கப்படி செத்தவீட்டுக்காரன் கொண்டாட்டத்தில் இருக்கக் கூடாது, காலையில் அப்பாவிடம் கடைசியாகப் பேசப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார். “புரிகிறது. மரியாதை செய்ய வேண்டும்” என்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு ஓர் ஆறுதல்.

காலையில், அங்கே பின்னேரமாகும் வேளையில், மார்த்தாவின் குசினியில் நின்று எண்ணை அழுத்தினேன். தங்கச்சி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பறைமேளச் சத்தம், ஒப்பாரி, நடுவே அம்மா. “கதைடா மனே, உன்ர அப்பாவோட கதைடா.” மாமா எல்லோரையும் அடக்கினார். “சத்தம் போடாதீங்க, பொடியன் கதைக்கப் போறான்.” மேளம் நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் யன்னலுக்கு வெளியே பாட்டுத் தொடங்கியது. டேலும் பத்துப்பேரும் தொப்பிகளைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்து வாசித்தார்கள். தன் அப்பாவை அடக்கம் செய்த அன்று வாசித்த மெட்டு அது என்று டேல் பிறகு சொன்னார். எங்கள் காதுக்கு அது கலியாண வீட்டுப் பாட்டு. பாஞ்சோ துள்ளிக் குதித்தது.

“என்ன தம்பி அது?” மாமாவின் குரல் மாறியது. “இஞ்ச பிரேதம் கிடக்கு, அங்க என்ன கூத்து?”

“அண்ணா, எங்க நிக்கிறாய் நீ?” என்றாள் தங்கச்சி.

அப்பாவுக்காகத்தான் வாசிக்கிறார்கள் என்று சொல்லலாம். ஸ்பீக்கரைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் அதை எப்படி விளங்கவைப்பது? நிறுத்துங்கள் என்று யன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்தார் போலும், டேல் கண்கலங்கத் தலை குனிந்து இன்னும் ஊன்றி வாசித்தார். அடுத்த அறைக்குள் ஓடப் பார்த்தேன். வயர் எட்டவில்லை.

“பெட்டியை மூடுங்கோ, நேரம் போகுது” என்றார் மாமா.

பேசும் பக்கத்தை உள்ளங்கையால் இறுகப் பொத்தினேன். அங்கே பாட்டுக் கேட்பது நின்றிருக்க வேண்டும். “ஏன் பேசாம நிக்கிறாய்? கூப்பிடு அண்ணா, மூடப் போறாங்க” என்று தங்கச்சி அழுதாள். கையை எடுத்தால் பாஞ்சோ அப்பாவின் காதுக்குள் போகும்.

நான் கூப்பிட்டேன். பொத்திய கைக்குள்தான் கூப்பிட்டேன்.