மொனிட்டருக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை கந்தப்பளையில் ஒரு மொனிட்டருக்குப் பூசை நடந்தது. மாலை, தேங்காய், வாழைப்பழம், கற்பூரம்... மாப்பிள்ளைக்குக்கூட இப்போதெல்லாம் இவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

பூசை நடந்த இடம், இந்தப் பத்தியை வாராவாரம் டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்பி வைக்கும் கடை. கடைக்காரர் முத்துராஜ். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி செல்வராணி. உள்ளே இரண்டு கொம்பியூட்டர். ஒன்றில் செல்வராணி கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள் என்று காலையிலிருந்து இருட்டும்வரை தட்டுகிறாள். மற்றதில் பள்ளி விட்டு வரும் பையன்கள் கார் ரேஸ் ஓடுகிறார்கள். பையன்கள் இல்லாத நேரத்தில் முத்துராஜ் ஓடுகிறார். பையன்கள் காத்துக்கொண்டு நிற்கும்போதும் ஓடுகிறார்.

இரண்டு மேசையிலும் இருந்தவை முதுகு வீங்கிய பழைய கண்ணாடி மொனிட்டர்கள். செல்வராணியுடையது கொஞ்ச நாளாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

“எழுத்து அப்படியே ஆடுதுண்ணே. சாயங்காலமானா கண்ணுல தண்ணியா ஊத்துது. மொனிட்டர மாத்து, இல்லாட்டி டைப் வேலைய வுட்டுடுன்னு டொக்டர் சொல்லிட்டாரு” என்றாள்.

வேலையை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? சுயமாகச் சம்பாதிக்க வேண்டும் என்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஆகவே ஹட்டனுக்குப் போய், புதிதாக வந்திருக்கும் அந்த மெல்லிய மொனிட்டர் ஒன்றை வாங்கினார்கள். கண்ணுக்காக வாங்கிய மொனிட்டர் எந்த மேசைக்குப் போக வேண்டும்? குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஆனால் குழந்தையை யார் கேட்டார்கள்? எங்கள் ஊரில் ஆலோசனை என்றால் மூன்று ஆம்பிளைகளும் மூன்று கோப்பைத் தேத்தண்ணியும் வேண்டும். தேத்தண்ணி போட்டது செல்வராணி. அவளுடைய பங்கு அத்தோடு முடிந்தது.

முதலில் பேசியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர். “தம்பி, உது வேலைக்குத்தான் சரி. கார் வேகமா ஓடேக்க பின்னால நிழல் இழுபடும். கேமுக்கு உந்தப் பழசுதான் திறம்.”

சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கவலை முழுவதும் காரின் நிழலைப் பற்றி. பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

“நிழல் இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும் மாஸ்டர்” என்றார் முத்துராஜ். “ரோட்டுல போறவன் கண்ணுல இதுதான் படணும். நோட்டீஸ் அடிக்க எதுக்கு இது? கேம் மேசையில கெடக்கிற பழச இவளுக்குக் குடுத்துடலாம். அது கொஞ்சமாத்தான் நடுங்குது.”

கொஞ்சமாக நடுங்குகிறதாம். நடுக்கத்தில் என்ன தள்ளுபடி?

மூன்றாவது ஆள், தோட்டத்து ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர். “நாங்கெல்லாம் லாம்பு வெளிச்சத்துல, தோட்டத்து ஆளுங்க பேர் பதியிற செக்ரோல் எழுதினவங்க. எங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?” என்று, தடித்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி கேட்டார். புது மொனிட்டர் கேம் மேசையில் ஏறியது.

பூசைக்குத் தலைமை அதே கிளாக்கர். எங்கள் பக்கத்தில் தேயிலை பெக்டரி மெஷினாகட்டும், லொறியாகட்டும், பொட்டு வைக்காமல் எதையும் ஓட்ட மாட்டார்கள். பழைய மொனிட்டர்களுக்கும் சரஸ்வதி பூசை தவறாமல் பட்டை போட்டுத் துடைத்த பழக்கம்தான். அவை கண்ணாடி, எதையும் தாங்கின. புதியதற்குத் தோல் மாதிரி மெல்லிய முகம் என்று பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். அதைப் படிக்கிற ஆம்பிளை எவன்?

திரைக்குக் குறுக்கே விபூதிப் பட்டை. நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரம் அணைவதற்குள் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஈரத்துணிக்கு அசையவில்லை.

“ஸ்பிரிட் கொண்டாங்க. ஆபீஸ் டைப்ரைட்டர நான் அதுலதான் தொடைச்சேன்” என்றார் கிளாக்கர். அழுத்தித் தேய்த்தார். பொட்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம், பொட்டைவிடப் பெரிதாக.

கார் ரேஸில் கார் எப்போதும் திரையின் நடுவில்தான் இருக்கும். அன்று பின்னேரமே பையன்கள் எழுந்துவிட்டார்கள். “அண்ணே, ரோடே தெரியல. பழசப் போட்டுக் குடுங்க.” ஹட்டன் கடைக்குப் போன் போட்டால், “சந்தனத்துக்கெல்லாம் கெரண்டி இல்லீங்க” என்று வைத்துவிட்டார்கள். கிளாக்கருக்கு வருத்தம் இருக்குமோ? “நான் தொடைக்காம வுட்டிருந்தா முழுசுமே போயிருக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“சரி, இத நீயே வச்சுக்க” என்றார் முத்துராஜ் மனைவியிடம். பாரி வள்ளல் தேரைக் கொடுத்தபோதுகூட முகத்தில் இத்தனை பெருமிதம் இருந்திருக்காது.

செல்வராணி திரையில் பக்கத்தை இழுத்து, மூட்டம் படாத இடது ஓரமாக வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். எழுத்து ஆடவில்லை. கண்ணும் கலங்கவில்லை.

“எழுத்து ஓரத்துல இருந்தாலும் எழுத்துதானேண்ணே. காரத்தான் ஓரமா ஓட்ட முடியாது” என்றாள்.

கேமுக்கு எந்த மொனிட்டர், வேலைக்கு எந்த மொனிட்டர் என்று ஆங்கிலச் சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வீண் வேலை. எங்கள் சட்டம் ஒரே வரி: நல்லதாக இருந்தால் விளையாட்டுக்கு, பழுதானால் வேலைக்கு. அதுவும் வேலை செய்வது பெண்ணாக இருந்தால், பழுதாகும்வரை அவள் காத்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று பேருக்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்தப் பத்தியையும் அவள்தான் அந்த ஓரத்தில் டைப் செய்தாள். ‘பழுதானால் வேலைக்கு’ என்ற இடத்தில் கை நின்றது.

“வேணாம்னா அந்த வரிய எடுத்துடலாம்மா” என்றேன்.

“இருக்கட்டும்ணே” என்றாள். “பெரிய எழுத்துல போடவா?”