எந்தக் காலை நீட்டுவது

பம்பாயில், செம்பூரில் ஒரு கடையில் நான் பல வருஷமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்வதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. ஆம்பிளைகளுக்கான கோட்டு, சூட்டு, ஷெர்வானி, அதற்குப் பொருத்தமாக ஷூ. கல்யாண மாப்பிள்ளை உள்ளே வந்தால் தலைப்பாகையிலிருந்து பாதம் வரை எங்களிடமே முடித்துக்கொண்டு போகலாம். ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரை நாங்கள் உட்காரக் கூடாது. இருக்கிற ஒரே சோபா கஸ்டமருக்கு. சோபாவுக்கு முன்னால் விரித்திருக்கிற கார்ப்பெட்டும் கஸ்டமருக்கு. டைல்ஸ் தரையில் நின்று நின்று உள்ளங்கால் எரியும்போது, மெல்ல நகர்ந்து அந்தக் கார்ப்பெட்டின் ஓரத்தில் ஒரு குதிகாலை மட்டும் வைத்துக்கொள்வேன். மேனேஜர் கேமராவில் பார்த்துவிடுவார்.

"காகா, கார்ப்பெட் கஸ்டமருக்கு" என்பார் இந்தியில். காகா என்றால் சித்தப்பா, வயசான எங்களைக் கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

நிற்கிறவனுக்கென்று சில வித்தை உண்டு. கொக்கு மாதிரி ஒரு கால் மாற்றி மறு காலுக்குப் பாரம் கொடுப்பது. ஷூவுக்குள்ளேயே விரல்களை மடக்கி நீட்டுவது. உள்ளே ஒரு மெல்லிய பருத்தி சாக்ஸ், அதன்மேல் கம்பெனி சாக்ஸ். மத்தியானத்துக்குமேல் ஷூ லேஸைக் கீழ்ப்பக்கத்து ஓட்டைகளில் மட்டும் தளர்த்தி, மேலே இறுக்கமாகத் தெரியும்படி முடிச்சுப் போடுவது. இதிலெல்லாம் பெரிய வித்தை முழங்கால் போடுவதுதான். ஷூ வாங்க வருகிறவர் சோபாவில் உட்காருவார். நான் அவர் காலடியில் முழங்கால் போட்டு, ஷூவை மாட்டி, லேஸ் கட்டி, கட்டைவிரல் எங்கே முட்டுகிறதென்று அழுத்திப் பார்ப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் என் பாதத்துக்கு விடுதலை. அதுவும் கார்ப்பெட்டின் மேலேயே. அதனால் காலையில் பஸ்ஸில் ஜெபமாலை சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு விண்ணப்பம் வைப்பேன்: ஆண்டவரே, இன்றைக்கு ஷூ வாங்குகிறவர்களை அனுப்பும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷூ என்று சட்டம் வந்தது. கூர் மூக்கு, கறுப்பு, பளபளவென்று. ஸ்டாக்கில் இருந்தே கொடுத்தார்கள். என் அளவு ஒன்பது. எட்டுதான் மிச்சம் இருந்தது. காலையில் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பிடித்தது. நான் இருப்பது தாராவியில். எங்கள் சந்தில் பாதி வீட்டில் தோல் பையும் பெல்ட்டும் தைக்கிறார்கள். தோல் என்றால் போடப் போட வழிவிடும் என்பது எங்களுக்குப் பால்குடியிலிருந்து தெரிந்த விஷயம். "தோல்தானே, பரவாயில்ல" என்று வாங்கிக்கொண்டேன். கஸ்டமரிடம் மட்டும், "சார், கால் சாயங்காலம் வீங்கும். ஷூவை சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்து வாங்குங்க" என்று தினமும் சொல்லுகிறவன் நான்.

பொங்கல் தாண்டியும் அது வழிவிடவில்லை. பக்கத்து வீட்டில் பெல்ட் தைக்கிற தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்கை அழுத்தினான், மோந்து பார்த்தான், சிரித்தான்.

"அண்ணாச்சி, இது மாட்டையே பாத்ததில்ல. ரெக்ஸின். தாராவியில இருந்துக்கிட்டு இத தோலுன்னு வாங்கிட்டு வந்துருக்கீயளே, வெளிய சொல்லிராதிய. சந்துக்கே அவமானம்."

"விரியுமாடே?"

"உங்க காலுதான் சுருங்கணும்."

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும்போது வலது சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்தது. பிறகு கொப்பளம். பிறகு அது உடைந்தது. எனக்கு சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரன் காலில் புண் என்றால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் எங்கள் கடையில் எனக்கு முன்னே நின்ற ஒருத்தர், நரம்பு சுருண்டு கால் வீங்குகிறது என்று வாய் திறந்து சொன்னார். "வீட்ல ரெஸ்ட் எடுங்க காகா, கூப்பிடுறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. அவர் இடத்தில் இப்போது சின்ன வயசுப் பையன் நிற்கிறான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகள் இன்னும் படிக்கிறாள். கால் விஷயத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் கால் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நாற்பது நாளும் கிடந்தேன்.

ஒற்றை அறை வீட்டில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு புண்ணை வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பஞ்சும் மருந்தும் கடை ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்; அந்த அரை இருட்டில்தான் கட்டு மாற்றுவேன். வீட்டில் சாக்ஸைக் கழற்றவே மாட்டேன்.

"என்ன, வீட்டுக்குள்ளயும் சாக்ஸா?"

"ஃபேன் காத்து குளுருது."

"மார்ச் மாசத்துல குளுருதுன்னு சொல்லுத ஒரே ஆம்பள பம்பாயிலேயே நீங்கதான்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எதற்கெல்லாம் அவரைக் கூட்டுச் சேர்க்கிறோம்!

அந்த நேரத்தில்தான் வந்தது அழைப்பு. பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருடைய பாதம் கழுவுவார், ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவியதை நினைத்து. எங்கள் கோயிலில் சந்துக்குச் சந்து ஜெபக்கூட்டம் உண்டு, அன்பியம் என்போம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு ஆளை அனுப்ப வேண்டும். எங்கள் அன்பியத்துக்குத் தலைவியான அக்கா ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு டியூட்டி..."

"என்னத்த டியூட்டி? சாமி கால் கழுவ வருதாருன்னா டியூட்டிங்கீய. பெர்மிஷன் கேளுங்க."

என் வீட்டுக்காரிக்கு முகம் பூத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மரியாதை. நான் எப்படி வேண்டாம் என்பேன்? வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சாக்ஸுக்குள் இருந்தது.

பிறகு யோசித்தேன். போன வருஷம் ஃபாதர் ஆளுக்கு ஒரு கால்தான் கழுவினார். நீட்டின காலைக் கழுவினார். நான் இடது காலை நீட்டிவிட்டால் தீர்ந்தது. இப்படி ஒரு வழி தோன்றியதும் மனசு லேசானது. அதோடு புண்ணில் வலியும் குறைந்துகொண்டே வந்தது. ஆறுகிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஃபாதர் கழுவப் போகிற காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போவோம். சோப்புப் போட்டு, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி. அழுக்குக் காலை சாமியார் தொடலாமா என்று பெண்கள் விடமாட்டார்கள். வியாழக்கிழமை நான் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வந்தபோது, என் வீட்டுக்காரி வாளியும் தேய்ப்புக் கல்லுமாக உட்கார்ந்திருந்தாள்.

"காட்டுங்க, நான் தேச்சு விடுதேன்."

"நானே தேச்சுக்கிடுதேன். நீ போய் சேலை மாத்து."

"நல்லாத் தேயுங்க. குதிகால் வெடிப்பு தெரியப்படாது."

கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்தோம். கூட்டம் முழுக்க எங்கள் காலையே பார்க்கிற மாதிரி இருந்தது. நாள் முழுக்க உட்கார இடம் தேடுகிறவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தும் அதில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. முதல் வரிசையில் என் வீட்டுக்காரி, பக்கத்தில் மகள். எல்லார் காலிலிருந்தும் சோப்பு வாசம். சாக்ஸை உருவினதும் நான் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஃபாதர் புதியவர். என் முன்னால் வந்து முழங்கால் போட்டார். இடது காலை நீட்டினேன். தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தம் வைத்தார். அப்பாடா என்று காலை இழுத்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார்.

"அந்தக் கால்."

நான் அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இரண்டு காலையும்தான் கழுவினார் என்பதை, பயத்தில் நான் கவனிக்கவே இல்லை. எங்கே போக? பின்னால் பீடம், முன்னால் சாமியார், சுற்றிலும் சனம். காலை நீட்டினேன்.

சாக்ஸ் இல்லாமல் அந்தப் புண்ணை வெளிச்சத்தில் நானே அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். சுண்டுவிரலின் ஓரம் கறுத்திருந்தது. ஃபாதரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு தண்ணீர் ஊற்றினார். எரியும் என்று பல்லைக் கடித்தேன். எரியவில்லை. தண்ணீர் விழுகிறதைக் கண் பார்த்தது, விரலுக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலி போனது புண் ஆறியதால் இல்லை, விரல் மரத்துப்போனதால்.

துண்டால் ஒற்றி எடுத்தார். துண்டில் கறை. குனிந்து அந்தக் காலுக்கும் முத்தம் வைத்தார். எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார், "டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

மேனேஜரிடம் பொய் சொல்லலாம். பெண்டாட்டியிடம் ஃபேன் காற்று என்று சொல்லலாம். பீடத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். முதல் வரிசையைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் திட்டவில்லை. "நடங்க" என்றாள். வீட்டுப் பக்கம் போகவில்லை, நேரே மெயின் ரோட்டில் டாக்டரிடம். அவர் ஒரு குச்சியால் உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். பல இடத்தில் எனக்குத் தெரியவில்லை. ரெண்டு வாரம் மூடின ஷூ போடக் கூடாது, போட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். வெளியே வந்து மேனேஜருக்கு போன் போட்டேன்.

"ரெண்டு வாரமா? கல்யாண சீசன் காகா. நான் வேற ஆள்தான் போடணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரம். அதுக்குமேல என் கையில இல்ல."

அந்த ஒரு வாரத்தில்தான் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். "நாப்பது நாளு என் பக்கத்துலயே படுத்துக் கெடந்தீயளே. ஊரே பாத்த பொறவுதான் நான் பாக்கணுமா?" ஷூவை எடுத்துக்கொண்டு அவளே பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனாள். சுண்டுவிரல் வருகிற இடத்தில் பக்கவாட்டில் அவன் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, மெத்தென்ற மெல்லிய ஆட்டுத் தோலை வைத்துத் தைத்தான். கறுப்பு மை போட்டுத் தேய்த்தான்.

"இப்பதான் அண்ணாச்சி இது தோல் ஷூ" என்றான்.

புண் முழுசாக மூடும் முன்னாலேயே திரும்பிப் போய் நின்றேன். இப்போதும் நிற்கிறேன். ஒட்டுப் போட்ட இடம் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். மேனேஜர் ஒரு நாள் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எதுவரைக்கும் சொல்லாமல் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன வயசுப் பையன் பக்கத்தில் வந்து நின்றால், அந்தக் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் இப்போது சாக்ஸ் கிடையாது. உள்ளே நுழைந்ததும் முக்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைக்க வேண்டும். அவள் டியூப் லைட்டுக்குக் கீழே விரல் விரலாக விரித்துப் பார்ப்பாள். சீப்பின் முனையால் ஒவ்வொரு இடமாகத் தொடுவாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"நெசமா?"

தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருப்பாள். காலையில் பஸ்ஸில் ஜெபமாலை முடிந்ததும், ஷூ வாங்குகிறவர்களை அனுப்பும் என்று பழையபடி கேட்டுக்கொள்கிறேன்.