மாகறல் மணல் கலந்த அடுப்பு

கல்யாணமான மறுவருஷமே நாங்கள் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு மானாம்பதி ரைஸ் மில்லில் வேலை. உத்திரமேரூரில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து மிதித்து அவருக்கு முட்டி வலி வந்ததுதான் காரணம். என் மாமியார் அப்படி நினைக்கவில்லை. "எம்புள்ளய பிரிச்சி இட்டுக்கினு போறா" என்று தெருவெல்லாம் சொன்னார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். நானும் பதிலுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், மாமியார் இல்லாமல் எனக்கு வீடு வீடாக இல்லை. காலையில் என்னைத் திட்டுவார். மத்தியானம் மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் போடுவார். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறே இறங்கவில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்வேனா? சொல்லவில்லை. அவராகவே புரிந்துகொண்டு, பொங்கலுக்கு வரும்படி அம்மாவிடம் போய்க் கெஞ்சினார்.

"வரேன். புது வூட்ல பால் எப்டி பொங்குதுன்னு பாக்கறேன்" என்றாராம்.

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குத் தெரியும். பொங்கலன்று பானை உடைந்தாலோ அடுப்பு பிளந்தாலோ அபசகுனம். அப்படி ஏதாவது நடந்தால் என் மாமியார் வாசலோடு திரும்பிப் போய்விடுவார். அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் வரமாட்டார்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு வாசலில் புது அடுப்பு போடவேண்டும். நான் மாகறல் பெண். செய்யாற்றங்கரை மண்ணில் என் அம்மா அடுப்பு போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். மண், ஒரு கை உமி, தண்ணீர், நல்ல மிதி, அவ்வளவுதான். மானாம்பதி ஏரியில் இறங்கி, இருப்பதிலேயே கறுப்பான, பிசுபிசுப்பான மண்ணாகப் பார்த்து வெட்டி வந்தேன். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தேன். போட்டு முடித்த அடுப்பு வெண்ணெயில் செய்தது போல வழவழவென்று இருந்தது. வெயிலில் காயவைத்து, சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பானைச் சோறு வைத்தேன். அரிசி வேகும் முன்பே அடுப்பு வாயிலிருந்து அடிவரைக்கும் பிளந்துவிட்டது.

"வுடுமே, நான் போட்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். மில்லில் நெல் காயவைக்கும் களத்துக்குத் தளம் போட்டதில் மிச்சமான சிமெண்டைக் கேட்டு வாங்கி வந்தார். சிமெண்டும் மண்ணும் குழைத்து, கரணையால் தேய்த்து, மாளிகைக்குத் தூண் எழுப்புகிறவர் போல ஒரு அடுப்பு எழுப்பினார். "பாறையாட்டம் நிக்கும், பாரு!"

நின்றது, நெருப்பு மூட்டும் வரைக்கும். விறகு நன்றாகப் பிடித்ததும் 'டமார்' என்று ஒரு சத்தம். ஒரு சில்லு பறந்து கூரைமேல் விழுந்தது. எதிர்வீட்டுச் சேவல் ஓடியது ஓடியதுதான், பொழுது சாயும்போதுதான் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் கரணையைப் பிடித்தபடி நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"அழுவாதமே. அடுப்புதானே?"

"உங்களுக்கு அடுப்பு. உங்கம்மாவுக்கு அதான் சாக்கு" என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெடித்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மில்லுல பாய்லருக்கு புதுசா செங்கல் கட்னா உடனே எரிக்க மாட்டோம். உமிய போட்டு கொஞ்சம் கொஞ்சமா பொகைய வுடுவோம். உள்ள கீற ஈரம் மெதுவா போவணும். இல்லாங்காட்டி இப்டித்தான் வெடிக்கும்" என்றார்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட?"

கோபத்தில் என் பழைய அடுப்பின் கட்டி ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து விரலால் கசக்கினேன். மாவு மாதிரி நழுவியது. எங்கள் ஊர் மண்ணைக் கசக்கினால் கையில் நறநறவென்று உறுத்தும். அப்போதுதான் உறைத்தது. மாகறல் மண்ணிலேயே ஆற்று மணல் கலந்திருக்கிறது. அதனால் என் அம்மா தனியாக மணல் சேர்த்ததே இல்லை. இந்த ஏரிமண் வெறும் களி. காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் பிளக்கும். அதில் ஏதோ கொஞ்சம் இருந்த பொடிக்கல்லையும் பொறுக்கி எறிந்த மகராசி நான்.

மறுநாள் அவர் சைக்கிளில் மாகறலுக்குப் போனார். மாப்பிள்ளை கோணிப்பையோடு வந்து மணல் கேட்டதும் என் அம்மாவுக்குப் பகீரென்றதாம். "இன்னா மாப்ளே, மண்ண வாரி தூத்தற அளவுக்கு சண்டயா? எம்பொண்ணு நல்லா கீறாளா?" என்று கேட்டிருக்கிறார். இவர் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். கோணி நிறைய மணலோடும், அதன்மேல் ஒரு பை அவரைக்காயோடும் திரும்பி வந்தார்.

ஏரிமண்ணில் ஆற்று மணலைக் கலந்தேன். மில் உமியைத் தாராளமாகச் சேர்த்தேன். சூட்டில் உமி எரிந்து போன இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாகும். சூடேறுகிற மண்ணுக்கு நெளிந்துகொடுக்க இடம் கிடைக்கும். இருவரும் சேர்ந்தே மிதித்தோம். இந்த முறை வெயிலில் வைக்கவில்லை, நிழலில் ஈரச்சாக்கு மூடி ஆறப்போட்டோம். நன்றாகக் காய்ந்த பிறகு என் வீட்டுக்காரர் அதன் வயிற்றில் உமியைக் கொட்டிக் கனிய விட்டார். தீயே தெரியாது, புகை மட்டும் வரும். பிறகு வறட்டி, கடைசியில்தான் விறகு. எரித்து ஆறிய அடுப்பைத் தட்டினால் பானையைத் தட்டுகிற மாதிரி கணீரென்றது.

பொங்கலன்று முதல் பஸ்ஸில் மாமியார் வந்தார். "வாங்க அத்தே" என்றேன். தலையை ஆட்டினார், உள்ளே வரவில்லை. மாக்கோலம் போட்ட அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அதன் எதிரில் குந்தினார். மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றி, பனையோலையால் தீ மூட்டினேன். பால் சூடேறி ஆடை கட்டியது. விளிம்பை நோக்கி எழும்பத் தொடங்கியபோது, அடுப்பில் பானை உட்காரும் குமிழுக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்ததைப் பார்த்தேன். நிமிர்ந்தால், என் மாமியாரின் கண்ணும் அதே இடத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமியார் கையை நீட்டி மாக்கோலக் கிண்ணத்தை இழுத்தார். விரலை முக்கி, அந்தக் கீறல்மேலேயே ஒரு கோடு இழுத்தார். சூட்டில் விரலை உதறிவிட்டு மறுபடியும் முக்கி, கோட்டின் இரண்டு பக்கமும் இலை வைத்தார். கீறல் கொடியாகிவிட்டது.

"கோலத்த பாதில வுட்டுட்டியேமே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று முதலில் கூவியது அவர் குரல்தான். எனக்குப் புகையில்லாமலே கண் கலங்கியது. சர்க்கரைப் பொங்கலை இறக்கியதும் அவர் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி வீட்டுக்குள்ளே போனார்.

அடுப்பு அதற்குமேல் பிளக்கவில்லை. மாட்டுப் பொங்கல் முடிந்தும் அவர் ஊருக்குக் கிளம்பவில்லை. அவரைக்காய்க் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று எனக்கும் அவருக்கும் தெருவே கேட்கும்படி ஒரு சண்டை நடந்தது. சண்டை முடிந்ததும் என்னை உட்காரவைத்து அவரே சோறு போட்டார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.