எண்ணிக்கையில் இருந்த ஏழுமலை

"என்னை கோஸ்ட் பண்ணிட்டாப்பா" என்று போனைச் சோபாவில் வீசினாள் மகள். "வேப்பிலை அடிக்கணுமா?" என்றேன். முறைத்தாள். பேயெல்லாம் இல்லையாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிநேகிதி திடீரென்று போனை எடுப்பதில்லை, பதில் போடுவதில்லை. அதற்குத்தான் இந்தப் பெயராம். சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அந்த வார்த்தை அறிமுகமானது ஒரகடத்தில், தின்னர் வாசனை மூக்கை அரிக்கும் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில். கார் கதவை உப்புத்தாளால் சரியாகத் தேய்க்காவிட்டால், பெயின்ட் அடித்த பிறகும் கீறல் மங்கலாக எட்டிப் பார்க்கும். அதுதான் அங்கே கோஸ்ட். என் கதவுகளில் அவை குடும்பம் குட்டியோடு குடியிருந்தன. பக்கத்தில் நின்ற ஏழுமலை பிள்ளைப்பாக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் தொழிலாளி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் சத்தமில்லாமல் என் கதவையும் சரிசெய்துவிடுவான். "நீயெல்லாம் எப்டி மச்சி பெர்மனென்ட் ஆன?" என்பான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் கேட்டான்: "அறுப்பு மிஷின் நாளைக்கு மட்டும்தான் வருதாம். வானம் வேற கருத்துகினு கீது. லீவு போட்டா கான்ட்ராக்ட்ட ரினியூவல் பண்ண மாட்டானுங்க. என் அட்டெண்டன்ஸ் கார்ட நீயே தேச்சிடு."

தேய்த்தேன். கதவைவிட நன்றாகவே தேய்த்தேன்.

பதினோரு மணிக்கு அலாரம் அலறியது. தீ ஒத்திகை. எல்லோரும் மைதானத்தில் நின்றோம். ஒரு ஆள் குறைந்தது. "ஏழுமலை! ஏழுமலை!" அவன் உள்ளே வந்திருப்பதாக கார்டு மிஷின் சத்தியம் செய்தது. முகமூடி மாட்டிய மூன்று பேர் புகைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் கண்ணில் தண்ணீர் கொட்ட வெளியே வந்து, இருமிவிட்டு, மறுபடியும் போனார். ஒத்திகைப் புகைதான். ஆனால் அந்த மனிதர் நிஜமாகவே பதறினார். சொன்னால் ஏழுமலை வேலை போகும். சொல்லாமலும் முடியவில்லை. சூப்பர்வைசர் காதோரம் போனேன். அவர் திருநெல்வேலிக்காரர்.

"சார், அவன் வயல்ல இருக்கான்."

"எலேய், அவனுவ உசுரக் குடுத்துத் தேடுதானுவ, நீ வயலுங்கே!"

வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அறுப்பா?"

"ஆமா சார்."

விசிலடித்து மூவரையும் வெளியே வரவழைத்தார். "காணாமப் போனவனத் தேடுத பரிச்சைன்னு எழுதிக்கிடுதேன். வாயத் தொறந்தே, தொலைச்சிருவேன்."

அந்த ஒத்திகைக்கு மேலிடத்தில் பாராட்டு வேறு.

நான் வாயைத் திறக்காமல் இருப்பேனா? கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை இருமி, தடுமாறி, விசிலடித்து நடித்தே காட்டினேன். பஸ்ஸே கைதட்டியது. நாலாம் நாள் கதை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. சூப்பர்வைசரை வேறு லைனுக்குத் தூக்கினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அதில் ஏழுமலை பெயருக்கு எதிரே 'கோஸ்ட்' என்று இருந்தது; ஆளில்லாத வருகைக்கு ஆபீஸ் வைத்திருந்த பெயர். அவனுக்குக் கடிதம்கூடக் கிடையாது. மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவன் போன் செய்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து செக்யூரிட்டியிடம் எனக்கென்று ஒரு பை காத்திருந்தது. புது அரிசி. பத்து நாள் சாப்பிட்டோம். அப்போதும் நான் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது அங்கே கார்டெல்லாம் கிடையாது. முகத்தைக் காட்டினால்தான் கேட் திறக்கும். ஒத்திகையில் எண்ணிக்கை பிசகுவதே இல்லை.

"அவளுக்கு ஏதோ வெக்கமா இருக்கும். நீயே இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரும்மா" என்றேன் மகளிடம்.

"அதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

வாசலுக்குப் போய் ஏழுமலையின் நம்பரைப் போட்டேன். அது உபயோகத்தில் இல்லையாம்.