உஸ்தாவின் மெஸ் விண்ணப்பமும் என் லீவு ஃபாரமும்

1. கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

என் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பா புதுக்கோட்டையிலிருந்து போன் செய்தார்.

"மாப்ள, இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா நாங்க வேற எடம் பாக்க வேண்டியதுதான். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? அன்றைக்கே லீவு ஃபாரம் எழுதி ஃபோர்மேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போது நான் அஜ்மானில் ஒரு கார்பென்ட்ரி ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தான், எப்போது போனான் என்று எழுதுவது என் வேலை. ஃபோர்மேன் துருக்கிக்காரர், பெயர் யூசுப். அவர்கள் ஊரில் மேஸ்திரியை மரியாதையாக உஸ்தா என்பார்களாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பத்து வருஷம் நம் ஆட்களோடு கிடந்ததில் தமிழ் பேசுவார். நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே வினைச்சொல்தான். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ஃபாரமும் ஆபீசுக்குள் போகாது.

உஸ்தா ஃபாரத்தைப் படித்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, பேனாவை மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"செல்வம் பாய், ஒரு கேள்வி. துருக்கி, யூரோப் யூனியன்ல சேரணுமா, வேண்டாமா?"

என் கல்யாணத்துக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். விஷயம் இதுதான். ஊரில் இருக்கும் தம்பிக்கும் இவருக்கும் வாராவாரம் போனில் இதைப் பற்றிச் சண்டை. ஒருவர் சேர வேண்டும் என்கிறார், மற்றவர் கூடாது என்கிறார். யார் எந்தக் கட்சி என்பதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

"நீங்க யூரோப் இல்ல, துருக்கி இல்ல. நடுவுல உள்ள ஆள். உங்க மெஸ் எட்டுப் பேர் பேசுது, முடிவு பண்ணுது, எனக்குச் சொல்லுது. அப்புறம் சைன். யல்லா!"

2. வெள்ளிக்கிழமை மீட்டிங்

கேம்பில் எட்டுப் பேர் சேர்ந்து முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடுவதற்குப் பெயர் மெஸ். எங்கள் மெஸ்ஸுக்குத் தலைவர் முத்தையா அண்ணன். அறந்தாங்கிக்காரர், மெஷின் ஆபரேட்டர். அவரைக் கேட்காமல் ரசத்துக்கு ஒரு கறிவேப்பிலை போட முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவுவதற்கு முன்னால் மீட்டிங் போடுவது வழக்கம். அன்றைக்கு அஜெண்டா துருக்கி.

"மொதல்ல அந்த யூனியன்ல எத்தனை நாடுடா?" என்றார் முத்தையா அண்ணன்.

"இருபத்தஞ்சுக்கு மேல இருக்குண்ணே."

"அடேங்கப்பா! ஒரே அடுப்புலயா?"

அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் அவர் அடுப்பை விட்டு இறங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. தொண்டிக்காரரான பெயிண்டர் காசிம் பாய்தான் பேச்சைப் பிடித்து இழுத்தார்.

"இத்தனை வருசமா அவங்களை வாசல்லயே நிக்க வச்சிருக்காங்க. அங்க பெரும்பாலும் முஸ்லிம்கன்னு தயங்குறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. நான் கேக்குறேன், இந்த மெஸ்ல ஏழு பேர் இந்து, நான் ஒருத்தன் முஸ்லிம். எட்டு வருசத்துல என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலை பாய். பிரியாணிதான் பிரமாதமா ஆச்சு" என்றார் முத்தையா அண்ணன்.

"அப்ப அவங்களைச் சேத்துக்கிட்டா என்ன?"

"நீங்க ஒரு ஆளு. அவங்க பெரிய நாடு. ஆளும் அதிகம், ஓட்டும் அதிகம். நாளைக்கு அடுப்பை அந்தப் பக்கம் திருப்புன்னா எல்லாரும் திருப்பணும்ல?"

அதிலும் நியாயம் இருந்தது. சேர்வதற்கு எதற்காகத் தவம் கிடக்க வேண்டும், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஆகாதா என்றான் ஒருவன். தனியாகச் சமைத்துப் பார், பாத்திரம் தேய்க்கும்போது தெரியும் என்றான் இன்னொருவன். சேர்ந்துவிட்டால் அந்த நாடுகளுக்கெல்லாம் விசா இல்லாமல் போய் வேலை பார்க்கலாம் என்று காசிம் பாய் சொன்னதும்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"விசா இல்லாமலா!"

"கஃபீல்னு பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்குற ஸ்பான்சரும் கெடையாது."

எட்டுப் பேரும் பெருமூச்சு விட்டோம். ஒருவன் எங்களையே அதில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டான்.

ஓட்டெடுப்பில் நாலுக்கு நாலு வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உஸ்தா எந்தக் கட்சி என்று தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் என் முகூர்த்தம் போச்சு. யாருக்கும் மனம் நோகாமல் ஒரு பதிலை நானே எழுதினேன். "சேரலாம். ஆனால் இப்போது வேண்டாம். இன்னும் கொஞ்சம் தயாராக வேண்டும்." எல்லாரும் கை தட்டினார்கள். பெரிய மூளைக்காரன் என்று முத்தையா அண்ணன் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை அதை உஸ்தாவிடம் படித்துக் காட்டினேன். முகம் செங்கல் மாதிரி சிவந்துவிட்டது.

"இதே! இதே பதில்தான் அவங்களும் சொல்லுது! நான் சின்னப் பையன் அப்பவே சொல்லுது, என் தாடி வெள்ளை ஆச்சு, இன்னும் சொல்லுது!"

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். உஸ்தா என் லீவு ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அச்சா. இப்ப நான் உங்க மெஸ்ல சேரணும். ஆமாவா, இல்லையா? ஒரு பதில் சொல்லு."

3. நிபந்தனைகள்

உஸ்தா இருந்தது அதே கேம்பில், ஸ்டாஃப் ரூமில். தினமும் ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்த மனிதர். சேர்ப்பதா வேண்டாமா என்று மீட்டிங்கில் கேட்டபோது ஆளாளுக்குத் தட்டைக் கழுவ எழுந்தார்கள். கடைசியில் முத்தையா அண்ணன் சொன்னார். "வேணாம்னு யார் சொன்னா? மொதல்ல கையால பிசைஞ்சு சாப்பிடத் தெரியணும். அதைக் கேளு."

உஸ்தா ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். முழங்கை வரைக்கும் ரசம் வழிந்தது, ஆனாலும் சாப்பிட்டார்.

"முறை வர்ற அன்னைக்குச் சமைக்கணும்ல? சாம்பார் வச்சுக் காட்டச் சொல்லு" என்றார் முத்தையா அண்ணன் அடுத்து.

அந்த மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஷார்ஜா ரோலாவுக்குப் போய், கடை கடையாக அலைந்து முருங்கைக்காய் வாங்கிவந்தார். முதல் சாம்பாரில் புதினாவும் தயிரும் போட்டிருந்தார். அதைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவது தேறியது. மூன்றாவதை இரண்டு பேர் மறுபடி ஊற்றிச் சாப்பிட்டதை முத்தையா அண்ணன் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாம்பார் சரி. வத்தக்குழம்பு?"

நான் தினமும் உஸ்தாவிடம் போய் நிற்பேன். "உஸ்தா, என் லீவு?"

"உன் ஃபைல் ஓப்பன் ஆச்சு. முதல் பகுதி பாஸ். ரெண்டாவது பகுதி பார்க்குது."

"எத்தனை பகுதி உஸ்தா?"

"மெஸ்ல எத்தனை பகுதி?" யூரோப் யூனியனில் சேர இப்படித்தான் பகுதி பகுதியாகப் பாஸ் ஆக வேண்டுமாம்.

ஆடி பாதி முடிந்துவிட்டது. பத்திரிகை அடிக்கலாமா என்று பெண் வீட்டில் கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்றேன். கல்யாண மாப்பிள்ளை பேசுகிற பேச்சா இது! போனை வைத்தபின் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

4. விஷயம் வெளியே வந்தது

வத்தக்குழம்பிலும் உஸ்தா பாஸ் ஆன அன்று, அடுத்தது என்ன என்று முத்தையா அண்ணனைக் கேட்டேன். "இட்லி" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, நம்ம மெஸ்ல யாருக்குண்ணே இட்லி ஊத்தத் தெரியும்? ஒங்களுக்குத் தெரியுமா? என் கல்யாணம் நிக்கப்போகுது. உண்மையச் சொல்லுங்க, அந்த ஆளைச் சேக்குறதுல ஒங்களுக்கு என்னதான் கஷ்டம்?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஃபோர்மேனை மெஸ்ல ஒக்கார வச்சா, சாப்பிடும்போது யாரைடா திட்டுறது?"

காசிம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களும் அப்படியே. அத்தனை பேர் மனசிலும் இதுதான் இருந்திருக்கிறது. நாள் முழுக்க அந்த மனிதரிடம் ஏச்சு வாங்குகிறோம். அறைக்கு வந்து ஒரு மணி நேரம் அவரைத் திட்டினால்தான் சோறு இறங்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வயசாளியை முருங்கைக்காய்க்கு அலையவிட்டிருக்கிறோம். எனக்கு நிஜமாகவே அசிங்கமாக இருந்தது. ஏனென்றால் திட்டுவதில் நான்தான் முதல் ஆள்.

நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். உஸ்தா பாத்திரத்தில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். யாரோ அதற்குள் இட்லி என்று சொல்லிவிட்டார்கள்.

"உஸ்தா, அதை வச்சிடுங்க. நிபந்தனை எல்லாம் சும்மா. நீங்க ஃபோர்மேன். ஒங்களைத் திட்டாம எங்களுக்குச் சாப்பாடு எறங்காது. அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். லீவு போச்சு, வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இதைச் சொல்ல ரெண்டு மாசமா? நானும் ஃபோர்மேன் ஆகறதுக்கு முன்னால அப்படித்தான் திட்டுது! உண்மை சொல்லவா? ரசம் எனக்குப் பிடிக்கல. நெஞ்சு எரியுது."

"அப்ப எதுக்கு உஸ்தா சேரணும்னு கேட்டீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "நீங்க 'வா'ன்னு சொல்லணும். சொன்னா, 'வேண்டாம், ஷுக்ரன்'னு நான் சொல்லணும். தம்பிகிட்டயும் இதுதான் சொல்லுது. யூரோப் வேணுமா வேண்டாமா அப்புறம் பேசலாம். கூப்பிடாத ஆள் எப்படி வேண்டாம் சொல்லுது?"

தம்பி சேர வேண்டும் என்கிற கட்சி, இவர் வேண்டாம் என்கிற கட்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அப்படியே தைரியத்தோடு அடுத்த கேள்வியையும் கேட்டேன். "சரி, என் ஃபாரத்துல சைன் போடாததுக்கு ஒங்க காரணம் என்ன? பகுதி, ஃபைல் எல்லாம் வேணாம்."

உஸ்தா உளுந்தைக் கிளறிக்கொண்டே சொன்னார். நான் லீவில் போனால் என் இடத்துக்கு மேனேஜரின் மச்சான் வருவதாக இருந்ததாம். அவன் வந்தால் ஒரே வாரத்தில் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். இதற்காகவா இரண்டு மாதம்! காசிம் பாய் முன்பு டைம்கீப்பராக இருந்தவர்தான், அவரைப் போடச் சொல்லுங்கள் என்றேன். "அப்படியா? யாரும் சொல்லல!" என்று அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டார்.

5. கடைசி போன்

ஓட்டமாக வந்து பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். "லீவு கெடச்சிருச்சு மாமா, பத்திரிகை அடிங்க." அவர் சந்தோஷப்படவில்லை. மண்டபம் பார்க்கணும் என்றார். ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டணும் என்றார். அண்ணன் மகன் வரமுடியுமா தெரியலை என்றார். இப்படிப் பேசினால் என்ன அர்த்தம் என்று இரண்டு மாதமாகப் பாடம் படித்தவன் நான்.

"மாமா, நெசக் காரணத்தைச் சொல்லுங்க."

போன் பெண்ணின் கைக்கு மாறியது. அதுவரை நான் அவளோடு நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"அப்பாவுக்குக் கேக்கச் சங்கடம். நான் கேக்குறேன். கல்யாணம் ஆனா என்னை அங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

இரண்டு முறை தள்ளிப்போனதில் லீவு பாதிதான் காரணம். அவள் இதைக் கேட்டுவிடுவாளோ என்று நானும் லீவுக்குப் பெரிதாகச் சண்டை போடவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

"முடியாது. நான் இருக்கறது பேச்சுலர் கேம்ப். என் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கெடையாது. எப்ப கெடைக்கும்னும் தெரியலை."

காசிம் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு முகூர்த்தம் மிச்சம்" என்றாள். "வாங்க. வந்து தாலியைக் கட்டுங்க. மத்ததைப் பேசிக்கலாம்."

துருக்கி சேர வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது நான் ஃபோர்மேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பையன்கள் லீவு ஃபாரம் கொண்டுவந்தால் கேள்வி கேட்பதில்லை. முடியும், முடியாது, இன்ன காரணம்; அவ்வளவுதான். முடியாது என்று சொன்ன அன்று நான் அவர்கள் மெஸ் பக்கம் போவதில்லை. என்னைத் திட்டிச் சாப்பிடட்டும்.