பல் கடை போர்டில் இரண்டு மரம்

அன்று பல் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் அப்பாண்டை நயினார். கட்டுப்பல் செட்டில் ஒரு பல் ஆடுகிறது என்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பினாங்கு கோவிந்தசாமி. மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்த நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். பெரிய டாக்டர் மனைவி மக்களோடு கல்கத்தாவுக்குப் போயிருந்தார். அவருடைய தம்பி சின்ன டாக்டர், பல் பிடுங்கும் பெட்டியோடு அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போயிருந்தார். கல்யாணம் சின்ன டாக்டருக்கு. அதைப் பேசி முடிவு செய்தது நாங்கள் மூன்று பேர்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். அதனால் தொழிலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் என்றால்

மெக்கானிக் என்றதும் மோட்டார் வேலை என்றுதான் என்னைப் பெற்ற நைனாவே நினைத்தார். பல் செட் செய்கிறவனுக்கும் அதுதான் பேர். நோயாளியின் வாயில் அச்சு எடுப்பது டாக்டர். அதை இம்ப்ரெஷன் என்போம். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுப்பது, மெழுகில் பல் அடுக்குவது, பித்தளை டப்பாவில் இறுக்கி வேகவைப்பது, அரம் போட்டுப் பாலிஷ் ஏற்றுவது எல்லாம் மெக்கானிக் வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, தாலுகா ஆபீசில் ஏதாவது கிடைக்காதா என்று ஒரு வருஷம் அலைந்தேன். கிடைக்கவில்லை. நைனா கல் உடைக்கிறவர். ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, "எம் புள்ள படிச்சிருக்கான், எதுனா வேல குடுங்க" என்று கேட்டுவிட்டார். பெரிய டாக்டர் மறுநாளே வரச் சொன்னார்.

டாக்டருடைய அப்பா சீனாவில் ஹூபே என்ற பக்கத்திலிருந்து பர்மா வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். காகிதப் பூ செய்து விற்றுக்கொண்டே பல் தொழிலும் பார்த்திருக்கிறார். மகன்கள் பல் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக இறங்கிக் கடைசியில் செஞ்சியில் தங்கிவிட்டார்கள். அண்ணன் பேசும் தமிழில் கல்கத்தா கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தம்பி சின்ன வயதிலேயே வந்தவர் என்பதால் எங்களைப் போலவே பேசுவார். மலையனூர் அமாவாசைக்கு மறுநாள் கடையில் கூட்டம் நெரியும். அப்போது, "இன்னா பெரியம்மா, ராவெல்லாம் சாமி கும்புட்டுட்டு காலைல பல்லு வலின்னா நான் இன்னா பண்றது?" என்று அவர் கேட்கும்போது, புதிதாக வந்தவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள்.

ஏன் அவசரம்

சின்ன டாக்டருக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. கல்கத்தாவில் பார்த்த பெண் வீட்டார் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: செஞ்சிக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம். ரயிலுக்கே திண்டிவனம் போக வேண்டிய ஊர், பேச்சுத் துணைக்கு இன்னொரு சீனக் குடும்பம் கிடையாது என்று காரணம் சொன்னார்கள். பெரிய டாக்டர் கிளம்பும்போது நயினாரிடம் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ பொண்ணு கெடச்சா கல்கத்தாவுலயே கட. தம்பிய தனியா வுட முடியாது. தப்பா நெனைக்காதீங்க."

நயினாருக்கு நல்ல குடித்தனக்காரர் போய்விடுவார். கோவிந்தசாமிக்குச் செட் ஆடினால் மதராசுக்குப் போக வேண்டும். எனக்கோ அரைகுறையாகக் கற்ற தொழில். இதை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பது? திரும்பவும் தாலுகா ஆபீஸ் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அப்போதுதான் கோவிந்தசாமி, பல் இல்லாத வாயால் அந்தப் பேச்சை ஆரம்பித்தார்.

"நயினாரே, நம்ம கட போர்டுல செவப்பா ஒரு எழுத்து இருக்குது பாருங்க, ரெண்டு மரம் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி. அதே எழுத்து எங்க தவுக்கே மில்லு போர்டுலயும் இருக்குது."

பினாங்குக்காரர்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்பார்கள். கோவிந்தசாமி வாலிபத்தையெல்லாம் பினாங்கில் ஒரு தவுக்கேயின் அரிசி மில்லில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தத் தவுக்கே வருஷா வருஷம் மிளகாய், வெங்காயம் பிடிக்க மதராசுக்கு வருவார். மில்லில் தமிழ் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார், பேச்சின் கடைசியில் பினாங்கு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு ஒரு மகளும் இருக்கிறாள்.

"அது இன்னா எழுத்துப்பா, ஏழுமல? படிச்ச புள்ளதான நீ?" என்றார் நயினார்.

எனக்குச் சீன எழுத்து தெரியாது. ஆனால் அது டாக்டர் வீட்டுப் பேர் என்று தெரியும். லின் என்று அதைப் படிக்க வேண்டும். அண்ணன் பேரிலும் தம்பி பேரிலும் முதலில் வருவது அதுதான். பினாங்கில் அதையே லிம் என்பார்கள் என்று கோவிந்தசாமி சொன்னார். நான் பெரிய மனிதன் மாதிரி யோசித்து விளக்கம் சொன்னேன்: "நம்ம பக்கம் பேருக்குப் பின்னால நயினார், ரெட்டியார்னு வருதில்லீங்களா? அவங்க அத முன்னால போடறாங்க. அவ்ளோதான்."

நயினார் தொடையில் தட்டினார். "அப்ப ஒரே சாதின்னு சொல்லு! சீனாவுல அத்தினி கோடி ஜனம் இருக்குது. அதுல அதே சாதியில நமக்குத் தெரிஞ்ச இடத்துல பொண்ணு இருக்குதுன்னா, இது தானா அமைஞ்சது."

"சின்ன டாக்டர ஒரு வார்த்த கேக்க வேணாங்களா?" என்றேன்.

"மாப்பிள்ளைய கேட்டுக்கினா பொண்ணு பாப்பாங்க? பொண்ணு ஊட்டுக்காரங்க வரட்டும். அப்ப சட்டய மாத்திகினு வந்து நிப்பாரு" என்றார் கோவிந்தசாமி.

அந்த மாதமே அவர் மதராசுக்குப் போய்த் தவுக்கேயை மண்டியில் பிடித்துவிட்டார். சீனப் பல் டாக்டர், சொந்தத் தொழில், தங்கமான குணம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பேரைக் கேட்டதற்கு, "எல்லாம் உங்க ஆளுங்கதான் தவுக்கே, நேர்ல வந்து பாருங்க, அசந்துடுவீங்க" என்று சிரித்து மழுப்பியிருக்கிறார். ஒரே பேர் என்ற சந்தோஷத்தை வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

தவுக்கே வந்தார்

வாசலில் வாழைமரம் கட்டினோம். நயினார் வீட்டிலிருந்து தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம் வந்தன. ஓட்டலில் லட்டு சொல்லியிருந்தோம். மேளம் வேண்டாம் என்று நான் சொன்னேன். "மேளம் இல்லாம இன்னா நிச்சயம்?" என்று கோவிந்தசாமி இரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டார். சின்ன டாக்டர் உள்ளே ஒரு கிழவரின் பல்லைக் காலால் மிதிக்கிற மிஷினில் ராவிக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டதும் வெளியே எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு கல்யாணம், ஏழுமல?"

"உங்களுக்குத்தான் சார்."

"எனக்கா! எங்கிட்ட யாருமே சொல்லலியே!" என்றார். கிழவர் வாயைத் திறந்தபடியே நாற்காலியில் கிடந்தார்.

அதற்குள் திண்டிவனத்திலிருந்து டாக்ஸி வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட குள்ளமான மனிதர் இறங்கினார். கையில் மகளுடைய போட்டோ இருந்தது. கோவிந்தசாமி ஓடிப்போய் மாலை போட்டார். மேளம் உச்சத்துக்குப் போனது. தவுக்கே மெதுவாகத் தலையைத் தூக்கி போர்டைப் பார்த்தார். இரண்டு மரத்தைப் பார்த்தார். கையிலிருந்த போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேளக்காரர்கள் ஒன்றும் புரியாமல் நிறுத்திவிட்டார்கள்.

"கோவிந்து, நீ என்னா வேல செஞ்ச-லா! இது என் பேரு! என் பேர்ல இருக்கிறவனுக்கு என் மவள குடுக்கச் சொல்றியா?"

"ஒரே சாதிதான தவுக்கே! அதுக்குத்தான்…"

"சாதி இல்ல-லா! ஒரே பேரு, ஒரே தாத்தா. இவன் எனக்குப் பங்காளி!"

நயினார் கையிலிருந்த தாம்பாளத்தை அப்படியே கீழே வைத்தார். பங்காளி என்ற ஒரு சொல் போதும், எங்கள் ஊரில் அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பங்காளி வீட்டில் பெண் எடுப்பார்களா? என் விளக்கம் போன இடம் எனக்கே தெரியவில்லை.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது சின்ன டாக்டர்தான். "எங்கள கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பமே! லின் பொண்ண லின் கட்டமாட்டான். எங்க அண்ணன் கேட்டா என் பல்ல புடுங்கிடுவாரு."

தவுக்கே அவரிடம் சீனத்தில் என்னவோ கேட்டார். சின்ன டாக்டருக்குப் புரியவில்லை. இவர் சீனத்தில் பதில் சொன்னார். அவருக்கும் புரியவில்லை. பேர் ஒன்று, எழுத்தும் ஒன்று, பேச்சு வேறு. கடைசியில் இரண்டு பேரும் தமிழில் பேசினார்கள். ஒருவர் பினாங்குத் தமிழ், ஒருவர் செஞ்சித் தமிழ். பல் கடை வாசலில் அன்று கூடிய கூட்டத்தை நான் மலையனூர் பஸ்ஸில்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே கிடந்த கிழவரும் எழுந்து, பாதி ராவிய பல்லோடு வந்து நின்றுகொண்டார்.

அந்தப் பேர் வந்த கதை

லட்டு சாப்பிட்டுக்கொண்டே தவுக்கே சொன்னார். மிகப் பழைய காலத்தில் ஒரு கெட்ட ராஜா இருந்தான். அவனிடம் உண்மையைச் சொன்ன மந்திரியை அவன் கொன்றுவிட்டான். மந்திரியின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவள் காட்டுக்குள் ஓடி, ஒரு கல் குகையில் மகனைப் பெற்றாள். அந்த ராஜா ஒழிந்து அடுத்து வந்த ராஜா, காட்டில் பிறந்த பிள்ளைக்குக் காடு என்பதையே பேராகக் கொடுத்தான். இரண்டு மரம் சேர்ந்தால் காடு. அந்தப் பிள்ளையின் வம்சம்தான் லின்.

"கல்லு, காடு… நம்ம ஊரு மாதிரியே இருக்குதே" என்றார் நயினார். தொண்டூர் மலையில் முனிவர்களுக்கு வெட்டிய கல் படுக்கை தங்கள் ஜைனர்களுக்கும் உண்டு என்று பெருமையாகச் சொன்னார். தவுக்கே அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். மறுநாள் போய்ப் பார்த்தும் வந்தார்.

வடக்கே இருந்த அந்த வம்சம் தெற்கே கடலோரத்தில் பெருகி, அங்கிருந்து கப்பல் ஏறியதாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் லிம். ஹாங்காங்கில் லாம். ஜாவாவில் லியெம். சைகோனிலும் லாம்தான். தவுக்கே ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்ல, நான் பாலிஷ் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். பிறகு பள்ளிக்கூட அட்லஸில் அந்த ஊர்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். சைகோனில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பாண்டிச்சேரியில் பென்ஷன் வாங்கும் ஒருவர் பல் செட்டுக்கு வந்தார். அவரிடம் போர்டைக் காட்டிக் கேட்டதற்கு, "நான் அரிசி வாங்கின கடைல இதே எழுத்துதான்பா" என்றார். எனக்கு ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

கல்யாணம்

தவுக்கே கிளம்பும் முன் சின்ன டாக்டரின் தோளில் கை போட்டார். "என் மவள குடுக்க முடியாது. ஆனா இப்ப நீ யாரோ இல்ல. பங்காளி பையனுக்குப் பொண்ணு பாக்கிறது என் வேல. பினாங்குல எங்க பேருக்காரங்களுக்குன்னு ஒரு குலக்கோயில் இருக்கு. அங்க போயி சொன்னா போதும்-லா."

நயினார் விடவில்லை. "பொண்ணு செஞ்சிக்கு வரணும் தவுக்கே. அத மொதல்ல சொல்லிடுங்க."

"வருவா. பேச்சுத் துணைக்கு நீங்கல்லாம் இருக்கீங்களே. இப்பிடிப்பட்ட ஊர எங்க பாக்கிறது!"

கல்கத்தாவில் இந்தத் தடவையும் ஒன்றும் அமையாமல் பெரிய டாக்டர் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டு முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவரும் சிரித்தார். ஆறேழு மாதத்தில் தவுக்கேயின் மனைவி வழியில் ஒரு பெண் அமைந்தாள். வேறு பேர், அதனால் தடையில்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கப்பலில் வந்து இறங்கி, கடைக்குள் கால் வைத்ததும் என்னைப் பார்த்து, "நீங்கதானே சாதி கண்டுபிடிச்சவரு?" என்று கேட்டாள். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு அதுதான் பேர்.

கல்கத்தாப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் சீனாவோடு சண்டை வந்தபோது சீனாக்காரர்கள் என்பதால் டாக்டர் வீட்டார் பல தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியிருந்தது. நயினார் ஒவ்வொரு தடவையும் கூடவே போனார். கடை திறந்துதான் இருந்தது. நான் செட் முழுவதும் தனியாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். என் தங்கையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

தம்பிகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். யார் வாயில் மாட்டப் போகிறோமோ அந்த வாயில்தான் அச்சு எடுக்க வேண்டும். பக்கத்து ஆள் வாயும் அதே அளவுதானே என்று நினைத்தால் செட் நிற்காது. நாங்கள் எங்கள் வாயில் அச்சு எடுத்து, சின்ன டாக்டர் வாயில் மாட்டப் பார்த்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், ஒரு காசு செலவில்லை.

கேட்காததால் மேளம், மாலை, வாழைமரம், லட்டு, டாக்ஸி, பாதியில் விட்டதற்காகக் கிழவருக்குக் கூலி வாங்காமல் முடித்துக் கொடுத்த பல் எல்லாம் சேர்த்து, மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுத்தது எழுபத்தெட்டு ரூபாய் இருபது நயா பைசா.